ஏழாம் தூண்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்து இன்றைக்குத்தான் கடை திறந்தேன். லேசர் மெஷினைக் குளிர்விக்கும் சில்லரில் தண்ணீர் மாற்றி, மெஷின் லென்ஸைத் துடைத்து, ஒரு துண்டு அட்டையில் வட்டம் வெட்டிப் பார்த்தேன். கோடு சுத்தமாக வந்தது. மழைக்காலத்தில் மெஷின் மக்கர் செய்யாமல் இருந்தாலே போதும்.

முதல் ஆளாக யாஸ்மின் மேடம் வந்தார். ஆர்க்கிடெக்ட். அஞ்சாறு வருஷமாக அவருடைய மாடல்கள் எல்லாம் என்னிடம்தான் வெட்டுகிறார். வீடு, பள்ளிக்கூடம், ஒருமுறை ஒரு நூலகம். இந்த முறை வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் திறந்த உடனே தெரிந்துவிட்டது. அன்னூர் ரோட்டில் போன மாதம் கட்டும்போதே இடிந்து விழுந்த கல்யாண மண்டபம்.

"டைனிங் ஹால் மட்டும் போதும் கோகிலா. கோட்டாட்சியர் விசாரணை நடக்குது. செத்துப்போன மூணு பேர் குடும்பத்துக்காக நான் போறேன். அதிகாரி இன்ஜினியர் இல்லை, காகிதத்துல கோடு காட்டினா அவங்களுக்குப் பிடிபடாது. கையில எடுத்துப் பார்க்கிற மாதிரி வேணும்."

மேல் தளத்தைத் தூக்கினால் உள்ளே தூண்கள் தெரிய வேண்டும். சுற்றிலும் உள்ள தூண்களை ஒட்டிவிடலாம். நடு வரிசையை மட்டும் ஒட்டக் கூடாது, எடுத்து எடுத்து வைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"நடுவுல ஒரு தூணை எழுப்பாமலே மேல தளம் போட்டுட்டாங்கன்னு சந்தேகம். கம்பெனி, எல்லாத் தூணும் இருந்துச்சுங்கறாங்க. மேஸ்திரி அவசரப்பட்டு முட்டைப் பிரிச்சதுலதான் விழுந்துச்சாம். செத்துப்போன மேஸ்திரி வந்து பதில் சொல்லவா போறார்?"

காங்கிரீட் இறுகும் வரைக்கும் தளத்தைத் தாங்கப் போடும் கம்புகள்தான் முட்டு. அது எனக்கே தெரியும்.

"இடிஞ்சதைப் பார்த்தா தெரியாதுங்களா?"

"ஆளுங்களை வெளியே எடுக்க ஜேசிபி விட்டாங்கல்ல, எல்லாம் கலைஞ்சு போச்சு. ஏழாம் தூணா இருக்கலாம், எட்டாம் தூணா இருக்கலாம். தப்பா ஒண்ணைச் சொல்லிட்டா அவங்க வக்கீல் நம்மளைப் பிரிச்சு மேஞ்சிருவார்."

கிளம்பும்போது, "உங்க வீட்டுக்காரரும் கட்டட லைன்தானே?" என்றார்.

"ஆமாங்க. திருப்பூர்ல ஒரு வேலை நடக்குது, தினமும் போய்ட்டு வர்றார்."

எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர், இவர், மண்டபம் கட்டிய அதே கம்பெனியில்தான் சைட் இன்ஜினியர். ஆனால் மண்டபம் இடிவதற்கு முன்பே திருப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

மார்கழிக்குக் கோல அச்சு கேட்டு ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. நாள் முழுக்க அதே வேலை. தாமரை இதழ் முனை எல்லாம் லேசாகக் கருகுகிறது, வேகத்தைக் கூட்ட வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

சாப்பிடும்போது இவர், "இப்ப என்ன வேலை ஓடுது?" என்றார். கோல அச்சு என்றேன். விளக்கு டிசைன் செய்யும் பிரணவ் ஒரு ஆர்டர் கொடுத்திருக்கிறார் என்றேன். மகள் யாழினிக்கு அரையாண்டுப் பரீட்சை அட்டவணை வந்துவிட்டது, பத்தாம் வகுப்பு என்பதால் காலையிலும் டியூஷன் என்றேன். அதற்குள் தோசை ஆறிவிட்டது.

நவம்பர் 9, சனி

என்னை அழைத்துப் போக இவர் கடைக்கு வந்தார். திரையில் வரைபடம் திறந்திருந்தது. மூட மறந்துவிட்டேன்.

"யாருக்கு இது?"

"யாஸ்மின் மேடத்துக்கு. விசாரணையில காட்டறதுக்கு."

"ம்." கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "மாடல் என்ன அளவு வரும்?"

"நீளம் கிட்டத்தட்ட நாலடி. ரெண்டு பேர் பிடிச்சாத்தான் தூக்க முடியும்."

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் கடையைப் பூட்டி வெளியே வந்தபோது கையில் டம்ளரோடு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ ஏடு கட்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது வண்டியை அன்னூர் ரோட்டில் விடாமல் சுற்றிக்கொண்டு போனார். மழைத் தண்ணீர் நிற்கும் என்றார். இன்றைக்கு மழை இல்லை. ஆனாலும் பள்ளத்தில் நேற்றைய தண்ணீர் நிற்கலாம் இல்லையா.

நவம்பர் 11, திங்கள்

தூண்களை அக்ரிலிக்கில் வெட்டினேன். எதுவும் குழியில் இறுக்கமாக உட்காரவில்லை. கதிர் வெட்டும்போது கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை தின்றுவிடும், அதைக் கணக்கில் சேர்த்துத்தான் குழி வெட்ட வேண்டும். சேர்க்கவில்லை. கடை ஆரம்பித்த புதிதில் செய்த தப்பு, இத்தனை வருஷம் கழித்துத் திரும்பவும். முழு ஷீட்டும் வீண்.

இரண்டாம் ஷீட் வெட்டும்போது ஓரத்தில் தீ பற்றியது. விரல் நுனி அளவுதான். மூடியைத் திறந்து ஊதி அணைத்தேன். மெஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவள் நான்தான். எங்கே பார்த்துக்கொண்டு நின்றேனோ.

நவம்பர் 14, வியாழன்

யாஸ்மின் மேடம் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார். சரோஜா. மேஸ்திரி குப்புராஜின் மனைவி. சூலூர்ப் பக்கம். ஸ்வெட்டர் ஆலையில் செக்கிங் வேலைக்குப் போகிறார்.

"வேலை எப்படி நடக்குதுன்னு பார்க்கணும்னு கேட்டாங்க," என்றார் மேடம்.

அடிப்பலகையும் சுவர்களும் மட்டும் தயாராக இருந்தன. சரோஜா அக்கா குனிந்து பார்த்தார். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இதுல வாசல் எங்கே அம்மிணி?"

காட்டினேன்.

"அப்ப அவரு கிடந்தது இந்தக் கோடியில." விரலால் தொடவில்லை, மேலே காற்றிலேயே காட்டினார். "முத நாளு வூட்டுக்கு வந்து சோறு திங்காம உட்கார்ந்திருந்தாரு. என்னங்கன்னு கேட்டேன். 'தூணு இல்லாத இடத்துல தளத்தை நிக்க வெச்சிருக்காங்க, முட்டைப் பிரிக்கச் சொல்றாங்க, ஒரு வாரம் போகட்டும்னா கேக்க மாட்டேங்குறாங்க'ன்னாரு. அவரே பிரிச்சுட்டாருன்னு இப்பப் பேப்பர்ல போடறாங்க. என்ற மகன் கூடப் படிக்கிறவங்க கேக்கறாங்களாம், 'உங்கப்பனால ஒடிசாக்காரப் பசங்க ரெண்டு பேரு செத்துட்டாங்களாமா'ன்னு."

"யார் பிரிக்கச் சொன்னாங்கன்னு பேர் சொன்னாருங்களா?" இதைக் கேட்டது நான்தான். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பேரெல்லாம் சொல்ல மாட்டாரு. 'இன்ஜினியரு'ம்பாரு. நல்ல பையன், ஆனா மேல இருக்கறவங்களுக்குப் பயப்படறான்னு முன்னாடி ஒருக்கா சொல்லியிருக்காரு."

நான் டீ வாங்கி வரப் போனேன். அடுத்த கடையில் டீ இருந்தும் முக்குக் கடை வரைக்கும் நடந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

மண்டபம் இடிந்த அன்றைக்குக் காலையில் இவருக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தேன். நன்றாக நினைவிருக்கிறது. மதியம் நான் யாழினிக்கு மாத்திரை எடுக்க வீட்டுக்கு வந்தபோது இவர் வீட்டில் இருந்தார். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. டிபன் கேரியர் திறக்காமல் மேடையில் இருந்தது. திருப்பூரில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று மறுநாள் சொன்னார். முடிந்திருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

எக்ஸாஸ்ட் மோட்டாரில் சத்தம் வருகிற மாதிரி இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு யாஸ்மின் மேடத்துக்குப் போன் போட்டேன். புகை வெளியே போகாமல் அக்ரிலிக் வெட்ட முடியாது, பீளமேட்டில் வேறு ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"இருபத்தெட்டாம் தேதிதான் விசாரணை. ரிப்பேர் பண்ணுங்க, நான் காத்திருக்கேன். உங்க கை மாதிரி வராது."

மதியம் எலெக்ட்ரீசியன் வந்து மோட்டாரைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். "ஒரு குறையும் இல்லீங்க்கா. உங்களுக்குக் காதுலதான் ஏதோ," என்று சிரித்தார். பிரணவின் விளக்கு மூடியை வெட்டினேன். இலை வடிவத்தில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டு வந்ததென்று அவர் கோபித்துக்கொண்டார். கோபிக்க வேண்டியதுதான்.

நவம்பர் 20, புதன்

தளம் வெட்டி முடித்தேன். சுவரும் வெளித்தூண்களும் ஒட்டியாகிவிட்டது. நடு வரிசையில் ஆறு, ஏழு, எட்டு என்று நம்பர் பொறித்துக் குழியில் நிறுத்தினேன். அழகாக இருக்கிறது. அப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் இருக்கிறது. வெளிச்சம் ஒரு பக்கமாக வந்தால் தூண்களின் நிழல் சாப்பாட்டு வரிசை மாதிரியே நீளமாக விழுகிறது.

நவம்பர் 21, வியாழன்

இவர் கடைக்கு வந்தார். யாழினியின் ஜியாமெட்ரி பாக்ஸ் என் பையில் இருந்தது, அதை வாங்க வந்ததாகச் சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லை. நான் கோல அச்சுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாடலைச் சுற்றி வந்தார். மேல் தளத்தை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தார். அதை எப்படித் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குனிந்து பார்த்தார். அப்புறம் ஏழாம் நம்பர் தூணைக் குழியிலிருந்து உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பசிக்குது. கிளம்பலாமா?" என்றார்.

ஒட்டாத தூண்தானே, கை பட்டால் வந்துவிடும்.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் முதல் வேலையாகத் தூணைத் திரும்ப வைத்தேன். மேடம் பத்து மணிக்கு வந்தார். ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு தூணாக எடுத்து, தளத்தை மேலே வைத்து, கையால் அழுத்திப் பார்த்தார். எட்டை எடுத்தபோதும் தளம் வளைந்தது, ஏழை எடுத்தபோதும் வளைந்தது.

"எதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்," என்றார். "அங்க வேலை செஞ்சவங்க யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. சைட் இன்ஜினியர்னு ஒருத்தர் இருந்திருக்கணும். கம்பெனி ரெக்கார்டுபடி அந்த மாசம் அங்க சைட் இன்ஜினியரே இல்லையாம். எப்படி இருக்கும் கோகிலா, இன்ஜினியர் இல்லாம தளம் போடுவாங்களா?"

"தெரியலைங்க மேடம்."

மதியத்துக்கு மேல் ஒரு வேலையும் ஓடவில்லை. கடை வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

யாழினி டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். இவரும் வந்து உட்கார்ந்து ஒரு கை எடுத்தார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இவர் காயைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கு நீங்க திருப்பூர் போகலை," என்றேன்.

நார் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த நாள்தான் மாத்தினாங்க. முன் தேதி போட்டு."

"ஏழாம் தூண் ஏன் இல்லை?"

"சாப்பாட்டு வரிசைக்கு நடுவுல வருது, பரிமாற இடைஞ்சல்னு மண்டபத்துக்காரர் சொன்னார். கம்பெனியில, எடுத்துடு, மேல பீமைப் பெருசாக்கிக்கலாம்னாங்க. மாத்தின டிசைன் வரும், வேலையை நிறுத்தாதேன்னாங்க. வரவே இல்லை. தளம் போடற நாள் வந்துருச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ரெண்டு தடவை போன் பண்ணினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தளம் போட்டேன்."

குக்கர் சத்தம் போட்டது. நான் எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன். இவர் அதே இடத்தில் அதே அவரைக்காயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முட்டு?"

"டைல்ஸ் ஆளுங்க காத்திருக்காங்கன்னு மேல இருந்து ஒரே நெருக்கடி. பிரிங்கன்னு சொன்னது நான்தான். குப்புராஜண்ணன் ஒரு வாரம் போகட்டும்னார். கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார் கோகி. நான் போன் வந்ததுன்னு வெளியே வந்தேன். போன் பேசிட்டே இருக்கறேன், பின்னாடி சத்தம்."

"அவர் சம்சாரம் கடைக்கு வந்தாங்க."

இவர் நிமிர்ந்தார். "யாரு, சரோஜாக்காவா? எப்படி இருக்காங்க?"

அவர் பெயர்கூட இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் காய்ந்த துணியை எடுத்தேன். காயாததையும் எடுத்தேன். இவர் பின்னாலேயே வந்தார்.

"நான் போய்ச் சொன்னா உள்ள வெச்சிருவாங்க. யாழினி பரிட்சை எழுதணும். உனக்குப் புரியுதா?"

"புரியுது."

"அப்புறம் என்ன பண்ணச் சொல்றே?"

"நான் எதுவும் சொல்லலை. மேஸ்திரி பையனைப் பள்ளிக்கூடத்துல, உங்கப்பன்தான் கொன்னான்னு கேக்கறாங்களாம். அதைத்தான் சொன்னேன்."

யாழினி வரும் வரைக்கும் அந்த ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

நவம்பர் 25, திங்கள்

கார் ஷோரூம் ஒன்றுக்குப் பெயர்ப் பலகை. எழுத்துகளை அடுக்கும்போது ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. பார்த்தவுடனே சொன்னார்கள்.

நவம்பர் 26, செவ்வாய்

மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ஏழுதான் மேடம்."

"என்ன ஏழு?"

"இல்லாம இருந்தது ஏழாம் தூண்."

"எப்படித் தெரியும் கோகிலா?"

"தெரியும்."

"அது போதாதே. யார் பார்த்தாங்க, யார் சொன்னாங்கன்னு கேப்பாங்க."

"இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங்கல்ல," என்று சொல்லி வைத்துவிட்டேன். மேடம் திரும்பக் கூப்பிடவில்லை. புத்திசாலி அவர்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன், மேடத்திடம் இதைச் சொல்லிவிட்டேன் என்று. பேர் சொன்னாயா என்றார். இல்லை என்றேன். பைக்கை வெளியே தள்ளி வைத்துக் கழுவ ஆரம்பித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, கழுவினார்.

நவம்பர் 27, புதன்

மாடலைத் துணியில் சுற்றி வைத்தேன். நாளைக்குச் சரக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். ஆட்டோவிலிருந்து இறக்க ஒரு ஆள் வேண்டும் என்று பொதுவாகச் சொன்னேன், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"ஆபீஸ் கேட் வரைக்கும் வர்றேன்," என்றார் இவர்.

நவம்பர் 28, வியாழன்

காலையில் இவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். நீல நிறம். கேட் வரைக்கும் வருகிறவர் எதற்குத் தேய்த்த சட்டை போட வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. யாழினி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவளுடைய சைக்கிளுக்கு இவரே காற்றடித்தார்.

சரக்கு ஆட்டோவின் பின்னால் மாடலை நடுவில் வைத்து ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்தோம்.

அலுவலகத்தில் லிஃப்ட் கிடையாது. விசாரணை இரண்டாம் மாடியில். வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெதுவாத் தூக்கிட்டுப் போங்க, படி வழுக்கும்," என்றார். இவர் கேட்டில் நின்று மேலே பார்த்தார். அப்புறம் குனிந்து மாடலின் அந்தப் பக்கத்தைப் பிடித்தார்.

"நீ முன்னாடி பார்த்து வா. நான் பின்பக்கமா ஏறறேன்."

படிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்தபடி ஏறினார். படி எங்கே வருகிறது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "படி. படி. இப்ப திரும்பணும். இடது பக்கம். படி." பதினேழு வருஷத்தில் இவரை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்ததில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினோம்.

"கை வலிக்குதா?" என்றார்.

"இல்லை. உங்களுக்கு?"

"இல்லை."

இரண்டாம் மாடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே நீள மேஜை. கோட்டாட்சியர் ஒரு பெண், என்னைவிடச் சின்ன வயது. ஒரு பக்கம் யாஸ்மின் மேடம், சரோஜா அக்கா, ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். இன்னொரு பக்கம் கம்பெனி மேனேஜரும் வக்கீலும். வாசலில் இறக்கிவிட்டு இவர் திரும்பிவிடலாம், நான் மேடத்தைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்லலாம். அதற்காகத்தான் வாசலில் நின்றேன். இவர் நிற்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து உள்ளே போனார். பிடித்திருந்த நானும் போனேன்.

மேஜையில் வைத்தோம். மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"மோகன்? நீ எங்கே இங்க?"

கோட்டாட்சியர் நிமிர்ந்து இவரைப் பார்த்தார். "இந்த மாடல் செஞ்சது நீங்களா?"

"இல்லீங்க மேடம். மாடல் செஞ்சது இவங்க. அந்தக் கட்டடத்தைக் கட்டினது நான்."

வக்கீல் ஏதோ சொன்னார். கோட்டாட்சியர் கையைக் காட்டி நிறுத்தினார். இவர் மேல் தளத்தைத் தூக்கி எடுத்தார், ஏழாம் தூணை உருவினார், தளத்தைத் திரும்ப வைத்தார். "இப்படித்தாங்க இருந்துச்சு. முட்டைப் பிரிக்கச் சொன்னது நான். மேஸ்திரி வேண்டாம்னு சொன்னார்." அவ்வளவுதான் சொன்னார்.

யாஸ்மின் மேடம் என்னைப் பார்த்தார். சரோஜா அக்கா இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வாக்குமூலம் எழுதி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. போலீஸ் வந்தபோது இவர் தன் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். யாழினியிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"நடந்ததைச் சொல்லு."

டிசம்பர் 2, திங்கள்

அன்றைக்கு ராத்திரியே யாழினிக்குச் சொன்னேன். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் நாள் காலையில் டியூஷனுக்குத் தானாகவே கிளம்பினாள். வாசலில் நின்று, "அப்பா சொல்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றாள். கொஞ்சம் நின்றுவிட்டு, "இல்லை, தெரியலை," என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினாள்.

மேனேஜரையும் கைது செய்திருக்கிறார்கள். மண்டபத்துக்காரர் முன்ஜாமீன் கேட்டிருக்கிறார். இவருக்கு ஜாமீன் கிடைக்க நாள் ஆகும் என்கிறார் எங்கள் வக்கீல்.

டிசம்பர் 5, வியாழன்

இரண்டு ஆர்க்கிடெக்ட் ஆபீஸிலிருந்து, கொடுத்த வேலையை இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். அந்தக் கம்பெனியோடு தொழில் செய்கிறவர்கள். பிரணவ் மட்டும் வந்து, "எனக்கு என் விளக்குதான் முக்கியம்," என்று புது ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். அப்படிப் பேசுகிற ஆள்தான். எனக்கு அது உதவியாக இருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். யாழினி வாசலில் விளக்கு வைத்தாள். பக்கத்து வீட்டில் எப்போதும் பொரி உருண்டை கொடுத்து அனுப்புவார்கள், இந்த வருஷம் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு எடுத்துவிட்டேன். யாழினி ஒன்றை உள்ளே வைத்தாள்.

டிசம்பர் 19, வியாழன்

சரோஜா அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். பிரணவின் விளக்கு மூடி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்தார். டீ சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்.

"ஒண்ணு கேக்கோணும் அம்மிணி. மறைக்காம சொல்லோணும்."

"கேளுங்க்கா."

"நான் இங்க வந்தன்னிக்கு, 'யார் பிரிக்கச் சொன்னாங்க'ன்னு நீங்கதான கேட்டீங்க? அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய் நார் எடுக்கும்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு விதத்தில் சரிதான். இத்தனை நாளும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தெரியும்க்கா," என்றேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே. தளம் விழுந்த அன்னிக்கு மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து குளிச்சாரு. கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்துச்சு. சாயங்காலம் நியூஸ் பார்த்தேன். அப்பவே தெரியும்."

அக்கா தலையை ஆட்டினார். கோபமா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எங்க வூட்டுக்காரரு மேல இருந்த பழியை எடுத்துட்டாங்களாம். யாஸ்மின் அம்மா சொன்னாங்க. என்ற பையன் இப்ப பள்ளிக்கூடம் போறான். அதுக்கு உங்களுக்கு ஒரு நன்றி சொல்லோணும்னுதான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வாய் வரமாட்டேங்குது அம்மிணி."

"சொல்ல வேண்டாங்க்கா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவரிடம் குடை இல்லை. என்னுடையதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா என்று தெரியாமல் கொடுக்கவில்லை. விடும் வரைக்கும் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விட்டதும் எழுந்து, வருகிறேன் என்று சொல்லாமல் போனார்.

நாளைக்கு ஜெயிலுக்கு இவரைப் பார்க்கப் போகிறேன். அக்கா வந்ததைச் சொல்ல வேண்டும். நன்றி சொல்ல வந்தார் என்று சொல்வதா, சொல்லாமலே போனார் என்று சொல்வதா, இன்னும் தெரியவில்லை.